ஹைப்பர்வைசர்: சொல் விளக்கம்

ஒரே கணினியில் பல இயக்குதளங்களை ஒரே நேரத்தில் ஓடவிடும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். செயலி, நினைவகம், வட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒவ்வோர் இயக்குதளமும் தனக்கென்று முழுக் கணினி இருப்பதாக எண்ணும்படி செய்துவிடுகிறது. அப்படிக் கிடைக்கும் கணினிதான் மெய்நிகர் கணினி.

1960களின் ஐபிஎம் பெருங்கணினிகளோடு பிறந்த சொல் இது. இயக்குதளத்தின் நடுவில் இருந்து நிரல்களை மேய்த்த பகுதியை அன்று சூப்பர்வைசர் என்றார்கள். அந்தச் சூப்பர்வைசருக்கும் மேலே ஒரு நிரல் வந்தபோது, லத்தீன் மொழியின் சூப்பரை எடுத்துவிட்டுக் கிரேக்கத்தின் ஹைப்பரை முன்னே வைத்தார்கள். இரண்டுக்கும் பொருள் 'மேல்'தான். ஒரே வேரில் கிளைத்தவையும்கூட. வைசர் என்னும் பின்பாதி, பார்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஐபிஎம் 1972இல் அறிவித்த விஎம்/370 என்னும் மென்பொருள் இந்த நுட்பத்தைப் பரவலாக்கியது. சாதாரண இன்டெல் செயலிகள் இதற்கு நேரடி ஆதரவு தந்தது 2005இல்தான். லினக்ஸ் இயக்குதளத்தின் கருவில் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் பகுதி சேர்ந்தது 2007இல்.

ஹைப்பர்வைசரில் இரு வகை உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை, ஏற்கெனவே ஓடும் விண்டோஸ் மீதோ லினக்ஸ் மீதோ ஏறி உட்காருகின்றன. மற்ற வகை, வேறு இயக்குதளம் எதுவும் இல்லாத கணினியில் நேராக நிறுவப்படுவது. வியன்னாவில் உருவாகும் திறமூல மென்பொருளான பிராக்ஸ்மாக்ஸை இந்த இரண்டாவது முறையில்தான் நிறுவுகிறோம். டெபியன் என்னும் லினக்ஸ் வகையும் கேவிஎம்மும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

நிறுவல் கோப்பை யுஎஸ்பி குச்சியில் எழுதுவதற்கு முன்பே, கணினியைத் தொடங்கியதும் முதலில் ஓடும் பயாஸ் என்னும் அடிப்படை நிரலில் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் மெய்நிகராக்க வசதி இருக்கும். பல தாய்ப்பலகைகளில் அது அணைந்தே கிடக்கும். நிறுவல் நிரல், நாம் தேர்ந்தெடுக்கும் வட்டை முழுவதுமாக அழித்துவிடும் என்பதால் பழைய கோப்புகளை முதலிலேயே வேறிடத்தில் எடுத்து வைப்பது கட்டாயம். கடவுச்சொல், மின்னஞ்சல், நிலையான ஐபி முகவரி ஆகியவற்றைக் கொடுத்தால் போதும். மறுபடி இயங்கியதும் கறுப்புத் திரையில் ஒரே ஒரு முகவரி தெரியும். முடிவில் 8006 என்ற துறை எண் (போர்ட்). அதன் பிறகு திரையும் விசைப்பலகையும் அந்தப் பெட்டிக்குத் தேவையில்லை. வேறு கணினியின் உலாவியில் அந்த முகவரியைத் திறந்து எல்லா வேலையும் செய்யலாம்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? சூப்பர்வைசர் 'மேற்பார்வையாளர்' என்று ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதன் முன் ஹைப்பருக்கு ஈடாக ஒரு 'மீ' சேர்த்து 'மீமேற்பார்வையாளர்' என்பது நாக்குக்குப் பெரும் சுமை. 'ஆளர்' விகுதியும் மனிதருக்கு உரியது, மென்பொருளுக்கு ஒட்டவில்லை.

நான் பரிந்துரைப்பது 'மீகண்காணி'. கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களைச் சோழர் கல்வெட்டுகள் கண்காணி என்கின்றன. இலங்கையிலும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளர்களை ஆட்டிப்படைத்த கங்காணி இதே சொல்லின் திரிபு. அந்தக் கசப்பு மக்கள் நினைவில் இன்னும் இருப்பதால்தான், திரிந்த வடிவத்தை விட்டுக் கண்காணி என்னும் மூல வடிவத்தை எடுக்கிறேன். செயலி, உலாவி, இயக்கி ஆகியவற்றைப் போல இதுவும் இகரத்தில் முடிகிறது. கருவிப்பெயர்களின் வரிசையில் இயல்பாகப் பொருந்தும். மீயுரை, மீயொலி ஆகியவற்றால் 'மீ' என்னும் முன்னொட்டும் நமக்குப் பழகியதே.

நேராகக் கணினியில் நிறுவப்படுவதை 'நேர் மீகண்காணி' என்றும், இன்னொரு இயக்குதளத்தைச் சார்ந்து ஓடுவதைச் 'சார்பு மீகண்காணி' என்றும் பிரிக்கலாம். இயக்குதளம் எதுவும் இல்லாத கணினியைக் குறிக்கும் பேர் மெட்டல் என்பதை 'வெற்று உலோகம்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. அதைப் படிப்பவருக்குத் தகரக் கடைதான் நினைவுக்கு வரும், 'வெறுங்கணினி' போதும். வெறுங்கணினியில் நேர் மீகண்காணியை நிறுவினேன் என்று எழுதினால் துறையில் இருப்பவருக்கும் புரியும், புதிதாக வருபவருக்கும் புரியும்.