கண்ணாடிக் குச்சியில் விழும் அருவி

செந்தூலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் 1:87 அளவில் ரயில் மாடல் போட்டிருக்கிறேன், ஐயா. அதில் நீர்ச்சக்கரம் சுற்றும் ஒரு நீராலை வைத்து, சின்ன பம்ப் மாட்டி நிஜத் தண்ணீரையே ஓடவிட்டேன். ஏன் பொம்மை மாதிரியே தெரிகிறது?" ரயில் பட்டறையால் வளர்ந்த ஊர்க்காரர், ரயிலை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார்!

காரணம் புவியீர்ப்பு. ஆலையைச் சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. நிஜத்தில் 3 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர் தரையைத் தொட 0.78 விநாடி ஆகும். மாடலில் அதே அருவி மூன்றரை சென்டிமீட்டர்தான், 0.08 விநாடியில் விழுந்து முடிந்துவிடும். விழும் வேகத்தை வைத்தே உயரத்தை எடைபோடப் பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். சினிமாவில் மினியேச்சர் அணை உடைவதை அதிவேகக் கேமராவில் எடுத்து மெதுவாக ஓட்டுவது இதனால்தான். போதாததற்கு, துளியும் சுருங்காது. குழாயில் சொட்டும் 4 மில்லிமீட்டர் துளி மாடல் மனிதனுக்கு 35 சென்டிமீட்டர். பினாங்கு பாலிக் புலாவ் டுரியான் பழமே தோற்றது போங்கள்.

ஆகவே தண்ணீரை விடுங்கள். 1773இல் லண்டனில் செய்த வெள்ளி அன்னம் என்ற இயந்திரப் பொம்மை இன்றும் இங்கிலாந்தின் போவ்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது நீந்தும் ஓடையில் ஒரு சொட்டு நீர் கிடையாது. எல்லாம் முறுக்கிய கண்ணாடிக் குச்சிகள், சுழல்கின்றன, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். சுழலும் குச்சியில் எந்தப் புள்ளியும் மேலிருந்து கீழே வருவதில்லை. வட்டமடித்து அதே உயரத்திலேயே நிற்கிறது. ஆனால் முறுக்கின் விளிம்பில் மின்னும் ஒளி, குச்சி திரும்பத் திரும்ப, அடுத்தடுத்துக் கீழே உள்ள இடத்தில் தெரிகிறது. இரண்டு முனைகளையும் பாறைக்குள் மறைத்துவிட்டால் கண்ணுக்கு வேறு துப்பு இல்லை. 'இறங்குகிறது' என்றே முடிவுகட்டும். வேகமும் நம் கையில். ஒரு முறுக்கின் நீளம் 2 சென்டிமீட்டர், நிமிடத்துக்கு 150 சுற்று என்றால், ஒளி விநாடிக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும். நம் மூன்றரை சென்டிமீட்டரை 0.7 விநாடியில் கடக்கும். கிட்டத்தட்ட நிஜ அருவியின் நேரம்!

கண்ணாடிக்குப் பதிலாகச் சதுர அக்ரிலிக் (தெளிவான பிளாஸ்டிக்) குச்சியை வெந்நீரில் அல்ல, ஹாட் ஏர் கன்னில் இளக்கி முறுக்குங்கள். உருண்டைக் குச்சி வேண்டாம், முறுக்கினது தெரியவே தெரியாது.

சக்கரம் சுலபம். 4 மீட்டர் சக்கரம் மாடலில் 46 மில்லிமீட்டர்; நிமிடத்துக்கு ஏழெட்டுச் சுற்று போதும். மோட்டாரோ 6000 சுற்றும். வோல்டேஜைக் குறைத்தால் முறுக்குவிசையும் போய், திக்கித் திக்கி நின்றுவிடும். வார்ம் கியர்தான் வழி, அதாவது திருகுத் தண்டு ஒரு சுற்று சுற்றினால் அதற்குக் குறுக்கே இருக்கும் பல் சக்கரம் ஒரு பல் மட்டும் நகரும்: 40 பல் சக்கரம் வேகத்தை 150 ஆக்கும், அடுத்த 20 பல் சக்கரம் ஏழரை ஆக்கும். மோட்டார் படுத்திருந்தால் முதல் அச்சு நிமிர்ந்து நிற்கும், அதில் குச்சி. இரண்டாவது அச்சு மறுபடி படுக்கும், அதில் நீர்ச்சக்கரம். ஒரே மோட்டார், இரண்டு வேலை. சாமான்களுக்குக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைகள் இருக்கவே இருக்கின்றன.

முறுக்கின் திசை மட்டும் கவனம். மாறிப்போனால் நீர் மேலே ஏறும். அற்புதம் என்று உண்டியல் வைக்க நம்மில் ஆள் உண்டு. அப்போது ஒயரை மாற்றாதீர்கள், சக்கரமும் பின்னால் சுற்றும். குச்சியைத்தான் மறுபக்கமாக முறுக்க வேண்டும்.