டவுன் பேமன்ட்: அச்சாரமா, முற்பணமா, கைமுதலா?

மட்டக்களப்பில் டவுன் பேமன்ட் என்றால் மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும்தான் நினைவுக்கு வரும். "எவ்வளவு டவுன் பேமன்ட் போடுவீங்க?" என்று லீசிங்காரர் கேட்பார். மிச்சம் மாதக் கட்டு. வீட்டுக்கு இந்தச் சொல்லைப் பாவிப்பவர்கள் பெரும்பாலும் கனடாவில் இருக்கும் சொந்தக்காரர்கள். அதையே லண்டனிலும் மெல்பேணிலும் டிபொசிட் என்பார்கள். இங்கே டிபொசிட் என்றால் வங்கியில் போட்டு வட்டி எடுக்கும் காசு. லண்டனில் இருக்கும் என் தங்கச்சி "டிபொசிட்டுக்குத்தான் கஷ்டப்படுறம்" என்று ஒருநாள் சொல்ல, வங்கியில் காசு போடுகிறவளுக்கு என்ன கஷ்டம் என்று களுவாஞ்சிக்குடியில் அம்மா குழம்பிப் போனார்.

பொருள் எளியது. வீட்டு விலையில் வங்கி தராத பகுதியை வாங்குபவர் தன் பக்கத்தால் முதலில் வைக்க வேண்டும். விலை ஒரு கோடி ரூபாய், வங்கி தர இணங்குவது 80 இலட்சம் என்றால், மீதி 20 இலட்சம்தான் டவுன் பேமன்ட்.

'டவுன்' இதில் எப்படி வந்தது? பேசிய காசை அந்த இடத்திலேயே மேசையில் எடுத்து வைப்பதை ஆங்கிலத்தில் 'கீழே கொடுத்தல்' என்பார்கள். "காசைக் கீழே வை, பிறகு பேசு" என்று நாமும் சொல்கிறோமே, அதே கைச்செயல். இன்னும் பின்னே போனால் பழைய ஆங்கிலத்தில் 'டூன்' என்பது குன்று. குன்றிலிருந்து இறங்குவதைச் சொன்ன தொடர்தான் தேய்ந்து 'டவுன்' ஆனது. 'பே' லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் மூலப்பொருள் சமாதானப்படுத்துதல். கடன் கொடுத்தவர் படலையில் வந்து நிற்கும் நேரத்தை நினைத்தால் இந்த வேர் நன்றாகவே விளங்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

முதலில் நாக்குக்கு வருவது அச்சாரம். அச்சவாரம், அச்சகாரம் என்றும் வழங்கும். காணிக்கு விலை பேசி முடித்ததும், நொத்தாரிசிடம் உறுதி எழுதும்வரை பேச்சு மாறாமலிருக்கக் கொடுக்கும் காசு அது. இப்போது அதற்கும் 'அட்வான்ஸ்' என்கிறோம். அழகான சொல், ஆனால் இங்கே பொருந்தாது. அச்சாரம் விற்பவரையும் வாங்குபவரையும் கட்டிப்போடுவது. டவுன் பேமன்ட் என்பது வாங்குபவருக்கும் வங்கிக்கும் இடையிலான கணக்கு. கொடுத்த அச்சாரத்தைப் பிறகு அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்தது முற்பணம். விளம்பரங்களில் வரும் முற்கொடுப்பனவும் இதன் உறவுதான். பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், வேலை செய்யும் ஒருவரிடம் "அரசாங்கம் முற்பணம் தருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது பண்டிகை முற்பணம்: சித்திரை வருடப்பிறப்புக்கோ பெருநாளுக்கோ முன்பு கைக்கு வந்து, அப்புறம் மாதாமாதம் சம்பளத்தில் கழியும் காசு. அவர் காதில் அது கடனாகத்தான் விழும்.

என் தெரிவு கைமுதல். ஒரு காரியத்தில் இறங்க ஒருவர் கையில் வைத்திருக்க வேண்டிய சொந்தக் காசு. "கைமுதல் இல்லாமல் கடை போட்டான்" என்று சொல்வதில் அது ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு புதுச்சொல் கட்ட ஆசை வரும்தான். ஆனால் இருக்கிற சொல்லே வேலை செய்யும்போது புதிது எதற்கு?

இந்தச் சொல்லில் ஒரு சிக்கல் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்ததும். முதல் வீடு வாங்குவோருக்கு அரசாங்கம் டவுன் பேமன்ட் உதவி கொடுக்கலாமா என்று பல நாடுகளில் வாதம் நடக்கிறது. தமிழில் அதைக் 'கைமுதல் உதவி' என்று எழுதினால், அடுத்தவர் தந்தால் அது எப்படிக் கைமுதலாகும் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே எழுந்து நிற்கும்.

ஒவ்வொரு நாட்டிலும் 'உதவி' ஒவ்வொன்று. அமெரிக்காவில் 2024 தேர்தலில் கமலா ஹாரிஸ் 25,000 டொலர் வரை தரலாம் என்று முன்வைத்தார். இங்கிலாந்தில் 2013 முதல் 2023 வரை நடந்த திட்டத்தில் வாங்குபவர் 5 சதவீதம் வைத்தால், அரசு வீட்டு விலையில் 20 சதவீதம்வரை கடன் தந்தது. லண்டனில் அது பின்னர் 40 ஆனது. வீட்டின் விலை ஏறினால் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறும். அவுஸ்திரேலியாவின் ஒரு திட்டத்தில் காசே கைமாறாது. 5 சதவீதம் வைத்தவருக்காக அரசு வங்கியிடம் பிணை நிற்கும். ஒன்று கொடை, ஒன்று கடன், ஒன்று பிணை. மூன்றையும் ஒரே பெயரில் போட்டு வாதாடினால் வாதம் எங்கே முடியும்?

எதிர்ப்பவர்களின் முக்கிய வாதம், வீடுகள் கூடாமல் காசு மட்டும் கூடினால் அது விற்பவர் பைக்குப் போய்விடும் என்பது. சுனாமிக்குப் பிறகு நம் கரையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீடு கட்டத் தொடங்கியபோது மேசன் கூலியும் மணலும் கல்லும் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆதரிப்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. மாதம் வாடகை கட்ட முடிந்தவருக்கு மாதக் கட்டும் கட்ட முடியும்; அவரைத் தடுப்பது அந்த முதல் தொகைதான்.

நமக்குப் பழகிய வீட்டு உதவி இதற்கு நேரெதிர். இந்திய அரசின் காசில் இங்கே நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு புது வீட்டுக்கு 5,50,000 ரூபாய், கட்டிய அளவைப் பார்த்துத் தவணையாக வந்தது. வேலை முந்தி, காசு பிந்தி. ஊழியர் சேமலாப நிதியத்தில் 10 வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் வீட்டுக்கென்று 30 சதவீதம்வரை எடுக்க 2015 முதல் வழி உண்டு. அதை உதவி என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது அவரவர் கைமுதல்.

தங்கச்சி சொன்னதை அம்மாவுக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினேன்: "வீடு வாங்கக் கைமுதல் சேர்க்கிறாளாம்." அம்மா உடனே பிடித்துக்கொண்டார். பக்கத்து வளவைக் காட்டி, "அவளுக்கு எழுதின சீதன வீடு இந்தா பூட்டிக் கிடக்கே" என்றார்.