ஸ்பெஷாலிட்டி நர்சிங் டிப்ளமோ: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

சென்ற மாதம் ஒரு தங்கை தன் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினாள். தங்க நிற பார்டர், மூலையில் ஹோலோகிராம், நடுவில் பெரிய எழுத்தில் ‘டிப்ளமோ இன் ஐ.சி.யூ. நர்சிங்’. கசங்கக் கூடாது என்று லேமினேட் வேறு செய்து வைத்திருந்தாள். கழுத்துச் செயினை அடகு வைத்து, நைட் டியூட்டி முடித்த கையோடு ஆறு மாதம் வகுப்புக்குப் போய் வாங்கியது. ஒரு பெரிய மருத்துவமனையில் இன்டர்வியூவுக்குப் போனபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்களாம்: “இதை நர்சிங் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்திருக்கிறீர்களா?” செய்யவில்லை. செய்யவும் முடியாது. அதைக் கொடுத்தது ஏதோ ஒரு டிரஸ்ட்.

இப்படி ஏமாந்து வந்த நான்காவது ஆள் அவள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில், நர்சிங் முடித்துப் பதிவு பெற்றவர்களுக்காக ‘போஸ்ட் பேசிக் டிப்ளமோ’ என்று ஓராண்டுப் படிப்புகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சை, அவசர சிகிச்சை, புற்றுநோய், பச்சிளங்குழந்தை, இதயம், மனநலம், ஆபரேஷன் தியேட்டர் என்று துறைவாரியாக இருக்கும். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்தவர்களும் சேரலாம், பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்களும் சேரலாம். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும், ஸ்டாஃப் நர்ஸாக ஓராண்டு அனுபவம் இருக்க வேண்டும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் படிப்புகளைக் கவுன்சில் ‘ரெசிடென்சி’ முறைக்கு மாற்றியிருக்கிறது. பாடம் பத்தில் ஒரு பங்குதான், மீதி ஒன்பது பங்கும் வார்டு வேலையும் பயிற்சியும். அதாவது ஆண்டு முழுக்க நீங்கள் அந்த மருத்துவமனைக்கு உழைக்கிறீர்கள். அதற்குச் சம்பளம் உண்டு என்று பாடத்திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அதே மருத்துவமனையில் ஏற்கனவே வேலை பார்ப்பவர் படித்தால் அவருக்கு வழக்கமான சம்பளம். வெளியிலிருந்து வந்து சேருகிறவருக்கு, படிப்பு நடக்கும் மருத்துவமனையின் சம்பள முறைப்படி. பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கும் பெண் ஒரு வருடத்தை எப்படி ஓட்டுவாள் என்ற கேள்விக்கு இந்த இரண்டு வரிதான் பதில். சேரப் போகும் இடத்தில் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், “மாதம் எவ்வளவு தருவீர்கள், லெட்டரில் எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கலாம்மா” என்றால், பிறகு கிடைக்காது.

அடுத்தது அங்கீகாரம். “எங்களுக்கு கவுன்சில் அப்ரூவல் இருக்கு” என்று சொல்வார்கள், சுவரில் ஃப்ரேம் போட்டு மாட்டியும் வைத்திருப்பார்கள். கிட்டே போய்ப் படித்துப் பாருங்கள். அது அவர்களுடைய ஜி.என்.எம். பள்ளிக்கு வாங்கிய கடிதமாக இருக்கலாம், நான்கு வருடத்துக்கு முந்தையதாகவும் இருக்கலாம். நிறுவனத்துக்கு அனுமதி இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தத் துறைக்கு, நீங்கள் சேரும் அந்த ஆண்டுக்கு, இத்தனை இடம் என்று இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் இணையதளத்தில் உள்ள பட்டியலைப் பாருங்கள், மாநிலக் கவுன்சிலிலும் கேளுங்கள். நேரில் போனால் “அந்த செக்‌ஷன் சார் லீவு” என்ற பதிலைக் கேட்டுவிட்டு பஸ் ஏற வேண்டியிருக்கும். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் வந்து போகிற செலவு யார் தருவார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாநிலக் கவுன்சிலுக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு மனு போடுங்கள். இந்த நிறுவனம், இந்தப் படிப்பு, இந்த ஆண்டு, எத்தனை இடம். நான்கே கேள்வி. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அட்மிஷனுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். படிப்பை நடத்துவது அந்தத் துறைக்கான வார்டு உள்ள மருத்துவமனையாக இருக்க வேண்டும். கடைத்தெரு மாடியில் இரண்டு அறையும் ஒரு பயிற்சி பொம்மையும் வைத்திருக்கும் இன்ஸ்டிடியூட்டில் ஐ.சி.யூ. நர்சிங் கற்றுத்தர முடியாது. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். என்ற உயிர்காக்கும் சிகிச்சைக்கான குறுகிய பயிற்சிகளின் கார்டுகள் நல்லவைதான், வேலைக்கு உதவும், ஆனால் இரண்டு வருடத்தில் காலாவதியாகிவிடும். அவற்றை டிப்ளமோ என்று நம்பிவிடாதீர்கள்.

தகுதியில் பலர் வழுக்கி விழும் இடம் அனுபவச் சான்று. ஓராண்டு என்பது பதிவு எண் கிடைத்த பிறகு ஸ்டாஃப் நர்ஸாகப் பார்த்த வேலை. ‘டிரெய்னி’ என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள், அது சிக்கல். சில இடங்களில் தேதியே இல்லாமல் ‘சில காலம் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்’ என்று கொடுப்பார்கள், அது குப்பை. சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, எந்த வார்டு, படுக்கை எண்ணிக்கை, எல்லாம் இருக்க வேண்டும். தர மறுத்தால், பி.எஃப். பிடித்திருந்தால் உங்கள் யூ.ஏ.என். (பி.எஃப். எண்) கணக்கில் ‘சர்வீஸ் ஹிஸ்டரி’யைத் திறந்து பிரின்ட் எடுங்கள். அதில் தேதி இருக்கும். அதைக் காட்டிக் கேட்டால் ஹெச்.ஆரின் குரல் கொஞ்சம் இறங்கும்.

உதவி நர்ஸ் படிப்பு படித்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது மனசு கனக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓராண்டு ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ சான்றிதழை வைத்து இதில் சேர முடியாது, பத்து வருடம் ஐ.சி.யூ.வில் நின்றிருந்தாலும் முடியாது. சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் கிரிட்டிக்கல் கேர்’ என்று இரண்டாண்டு முதுநிலைப் படிப்பும் உண்டு, அதுவும் ரெசிடென்சிதான். அதற்கு பி.எஸ்சி.யில் மொத்தமாக 55 சதவீதம் வேண்டும். 54.6 வைத்துக்கொண்டு விண்ணப்பக் கட்டணம் கட்டி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். நான்கு வருட மார்க்கையும் கூட்டி வகுத்துப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அப்புறம் பெயர். நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு சாதாரணமல்ல. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ‘கவிதா எம்’, ஆதாரில் ‘கவிதா முருகேசன்’, கல்யாணத்துக்குப் பிறகு பேங்க் புத்தகத்தில் ‘கவிதா சரவணன்’. மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். இப்போது தேசிய நர்ஸ் எண் ஆதாரோடு சேர்த்துத்தான் தரப்படுகிறது, சேர்க்கைக்கு அந்த எண்ணைக் கேட்கிறார்கள். பெயர் மாறியிருந்தால் அங்கேயே நிற்கும். பள்ளிச் சான்றிதழைத் திருத்தப் போகாதீர்கள், மாதக்கணக்காகும். பள்ளிச் சான்றிதழில் உள்ளபடியே ஆதாரைத் திருத்துங்கள். ஆதாரில் பெயர் திருத்த வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி, எனவே எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கொடுங்கள். மாநிலப் பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, எனக்கு அதிகம் கோபம் வரும் விஷயம். சேரும்போதே மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் பூட்டிவிட்டு, “இரண்டு வருடம் இங்கேயே வேலை பார்க்கணும், இல்லாவிட்டால் பணம் கட்டு” என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து கேட்கிறார்கள். படித்து முடித்த பெண் நல்ல வேலைக்குப் போக முடியாமல் அதே பழைய சம்பளத்தில் கிடக்கிறாள். சரிபார்க்க மூலச் சான்றிதழைக் காட்டலாம், கையில் விட்டுவிட்டு வரக் கூடாது. தவிர்க்கவே முடியவில்லை என்றால் ஒவ்வொரு சான்றிதழின் எண்ணையும் எழுதி, பெற்றுக்கொண்டதாக முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் சான்றிதழைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரி சான்று வசதியோடு அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். போன் செய்ய 15100. போகும்போது தபால் ரசீதையும் டெலிவரி சான்றையும் எடுத்துப் போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.