வலி நின்ற பிறகு வரும் மாதங்கள்: ஃபிளாவியா பென்னெட்டாவின் மணிக்கட்டு சொல்வது

டென்னிஸ் ஆடுபவர்களின் மணிக்கட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை அளித்துவரும் இயன்முறை மருத்துவர் என்ற முறையில், அறுவை சிகிச்சை முடிந்து வரும் இளம் ஆட்டக்காரர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பெயர் இத்தாலியின் ஃபிளாவியா பென்னெட்டா. அவர் 2015இல் அமெரிக்க ஓப்பனை வென்றார் என்பதற்காக மட்டும் அதைச் சொல்வதில்லை; 2013இன் முதல் பாதியை அவர் எப்படிக் கடந்தார் என்பதற்காகவே சொல்கிறேன். வலி நின்றுவிட்டது, ஆடலாம் என்று மருத்துவரும் அனுமதித்துவிட்டார், ஆனால் பழைய ஆட்டம் மட்டும் கைக்கு வரவில்லை என்ற நிலையில்தான் என்னிடம் வருபவர்களில் பலர் மனம் விட்டுப்போகிறார்கள்.

பென்னெட்டா 1982 பிப்ரவரி 25 அன்று தென்னித்தாலியின் துறைமுக நகரமான பிரிண்டிசியில் பிறந்தார். அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தாரன்டோவைச் சேர்ந்த ராபர்ட்டா வின்சியுடன் இணைந்து 1999இல் பிரெஞ்சு ஓப்பன் இளையோர் இரட்டையர் பட்டத்தை வென்று, அதற்கடுத்த ஆண்டு தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 2009 ஆகஸ்டில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்த முதல் இத்தாலியப் பெண் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அடுத்த மாதமே அமெரிக்க ஓப்பன் நான்காவது சுற்றில் வேரா ஸ்வனரேவாவுக்கு எதிராக இன்னும் ஒரு புள்ளியை இழந்தால் தோல்வி என்ற மேட்ச் பாயிண்ட் நிலையிலிருந்து ஆறு முறை தப்பி, மூன்றாவது செட்டை 6-0 என்று முடித்தார். 2011இல் அர்ஜென்டினாவின் கிசெலா டுல்கோவுடன் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்ற கையோடு இரட்டையர் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தார்.

2012 ஆகஸ்டின் இறுதியில் அவருடைய வலது மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 30. வலக்கை ஆட்டக்காரருக்கு சர்வீஸும் ஃபோர்ஹேண்டும் முழுக்க முழுக்க அந்த மூட்டையே நம்பியிருக்கின்றன. இரு கைகளால் அடிக்கும் பேக்ஹேண்டிலும் அதற்குப் பங்கு உண்டு. எட்டுச் சிறிய எலும்புகளும், அவற்றைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்களும், முன்கையிலிருந்து இறங்கி வரும் தசைநாண்களும் மிகக் குறுகிய இடத்தில் நெருக்கமாக அமைந்திருக்கும் மூட்டு அது. பந்து மட்டையில் படும் நேரம் ஏறத்தாழ 5 மில்லிவிநாடி மட்டுமே என்றாலும், அந்த நேரத்துக்குள் வரும் அதிர்வு முழுவதையும் முதலில் ஏற்பது மணிக்கட்டுதான். மட்டைப் பிடியைக் கீழ்ப்புறமாக மிகவும் திருப்பிப் பிடித்து, பந்துக்கு மேற்சுழற்சி கொடுக்கும் இன்றைய ஃபோர்ஹேண்டில் சுண்டுவிரல் பக்கத்துத் திசுக்கள் கூடுதலாக உழைக்கின்றன. இளம் ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தொட்டுக் காட்டி வலிக்கிறது என்று சொல்வதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பென்னெட்டா 2013 பிப்ரவரியில் களத்துக்குத் திரும்பினார். தரவரிசை வேலை செய்யும் விதத்தை இங்கே சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பெற்றோர் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளைக் கொண்டே தரவரிசை கணக்கிடப்படுகிறது. ஆகவே ஓய்வில் இருக்கும்போது மட்டுமல்லாமல், திரும்பி வந்து ஆடும்போதும் சென்ற ஆண்டின் நல்ல வாரங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே இருக்கும். 2012இன் தொடக்கத்தில் ஆக்லாந்திலும் அகாபுல்கோவிலும் இறுதிப் போட்டி வரை சென்று அவர் பெற்ற புள்ளிகள் இப்படித்தான் போயின. 2013 ஜூனில் அவர் 150ஆம் இடத்துக்கும் கீழே இறங்கியிருந்தார். காயத்தின்போது அல்ல, காயம் ஆறி ஆடிக்கொண்டிருந்தபோதுதான் எண் மிக மோசமாக இருந்தது. ஆட்டத்தை விட்டுவிடலாமா என்று தாம் யோசித்த காலம் அது என்று அவரே பின்னர் சொல்லியிருக்கிறார்.

உடலுக்குள்ளும் இதே போன்ற ஒரு தாமதம் உண்டு. அசையாமல் கட்டி வைக்கப்பட்ட கையில் முன்கைத் தசைகள் சில வாரங்களிலேயே மெலிந்துவிடும்; வலி நின்ற பிறகும் பிடிமான வலு திரும்பி வர மாதங்கள் ஆகும். அதைவிட மெதுவாக வருவது நம்பிக்கை. வலி இல்லை என்று உறுதியாகச் சொல்லும் ஒரு சிறுமியை எங்கள் சிகிச்சைக் கூடத்தில் நாற்காலியின் இரு கைப்பிடிகளிலும் உள்ளங்கையை ஊன்றி எழச் சொல்வேன். எழும்போது உடலின் எடை காயம்படாத கையின் பக்கமாகச் சாயும். அப்படிச் சாய்வது அவளுக்கே தெரியாது. களத்தில் தோளுயரத்தில் வரும் பந்தை அடிக்கும்போது, மட்டை பந்தைத் தொடும் கணத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் பிடியிலிருந்து லேசாக விலகுவதைக் காணலாம். இது பயிற்சிக் குறைவும் அல்ல, சோம்பலும் அல்ல. அடிபட்ட இடத்தைக் காப்பாற்ற மூளை கற்றுக்கொண்ட பழக்கம். இதைக் கவனியாமல் பயிற்சி நேரத்தைக் கூட்டினால், மணிக்கட்டு செய்யாமல் விட்ட வேலையை முழங்கையும் தோளும் செய்யத் தொடங்கி, சில மாதங்களில் அங்கே புதிய வலி வந்து சேரும்.

பென்னெட்டா தொடர்ந்து ஆடினார். அந்தத் தரவரிசையோடு சென்ற விம்பிள்டனில் நான்காவது சுற்றை எட்டினார். செப்டம்பரில் 83ஆம் இடத்தில் இருந்தபடி அமெரிக்க ஓப்பனில் சாரா எர்ரானி, ஸ்வெட்லானா குஸ்நெட்சோவா, சிமோனா ஹாலெப், வின்சி ஆகியோரை வரிசையாக வென்று அரையிறுதிக்குச் சென்று, அங்கே விக்டோரியா அசரென்காவிடம் தோற்றார். 2014 மார்ச்சில் இண்டியன் வெல்ஸ் பட்டத்தை, இறுதியில் அக்னியெஸ்கா ராட்வான்ஸ்காவை 6-2, 6-1 என்று வென்று கைப்பற்றினார். அறுவை சிகிச்சையிலிருந்து அந்தப் பட்டம் வரை எண்ணினால் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஆகிறது. உலகின் சிறந்த வசதிகள் கைவசம் இருந்த ஓர் ஆட்டக்காரருக்கே அத்தனை காலம் தேவைப்பட்டது என்றால், பள்ளிக்கும் பயிற்சிக்கும் இடையே ஓடும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் மூன்று மாதத்தில் பழைய ஆட்டத்தை எதிர்பார்ப்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அந்த மாதங்களில் தோல்வி வெற்றிகளைக் கணக்கு வைக்காமல், பிடிமான வலு மறு கையோடு ஒப்பிட எவ்வளவு வந்திருக்கிறது, எத்தனை நிமிடம் ஆடிய பிறகு கை கனக்கிறது, மறுநாள் காலையில் ஈரத் துணியைப் பிழியும்போது வலி இருக்கிறதா என்பவற்றைக் குறித்து வைக்கச் சொல்கிறேன். ஆடும்போது தோன்றும் லேசான இழுப்பு ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. அடுத்த நாளும் வலி நீடித்தால் ஆட்டத்தின் அளவைக் குறைக்க வேண்டும். மூட்டுக்குள் சொடுக்குச் சத்தத்தோடு வலியும் வந்தாலோ, வீக்கம் தெரிந்தாலோ, ஆட்டத்தை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் போக வேண்டும். மென்மையான பந்துகளோடு அரைக்களத்தில் தொடங்கி, பின்கோட்டுக்கு நகர்ந்து, சர்வீஸைக் கடைசியாகச் சேர்ப்பதே நாங்கள் பின்பற்றும் வரிசை. மட்டை நரம்பின் இறுக்கத்தைச் சற்றுக் குறைப்பதும், பிடியின் பருமன் கைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதும் செலவில்லாத உதவிகள்.

2015 அமெரிக்க ஓப்பனுக்கு 26ஆம் நிலை ஆட்டக்காரராக வந்த பென்னெட்டா, அரையிறுதியில் ஹாலெப்பை 6-1, 6-3 என்று வென்றார். மற்றோர் அரையிறுதியில் செரீனா வில்லியம்ஸை வீழ்த்தி வந்த வின்சியை இறுதியில் 7-6, 6-2 என்று தோற்கடித்தார். 33 வயதில், தமது 49ஆவது கிராண்ட்ஸ்லாம் போட்டியில் கிடைத்த முதல் ஒற்றையர் பட்டம் அது. பரிசளிப்பு மேடையிலேயே அந்த ஆண்டோடு விலகப்போவதாக அறிவித்தார். பலர் அதை அந்த நேரத்து உணர்ச்சி என்று நினைத்தார்கள். உண்மையில் ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு டொரான்டோவில் இருந்தபோதே முடிவெடுத்துவிட்டதாக அவர் விளக்கினார். அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஆண்டிறுதிப் போட்டியில் மரியா ஷரபோவாவிடம் தோற்றதே அவருடைய கடைசி ஒற்றையர் ஆட்டம். விட்டுவிட எண்ணிய 2013இல் அவர் விலகியிருந்தால், தரவரிசைப் பட்டியலின் ஓர் எண்ணும் ஆறிக்கொண்டிருந்த ஒரு மூட்டும் சேர்ந்து அவருக்காக முடிவெடுத்ததாக ஆகியிருக்கும். 2015இல் அந்த முடிவை நல்ல உடல்நிலையில் அவரே எடுத்தார். ஆகவே அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆவதற்குள் ஆட்டத்தை விடுவதா வேண்டாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் பதில் சொல்வதில்லை; இரு கைகளின் பிடிமான வலுவும் சமமாக வந்த பிறகு அதே கேள்வியோடு மீண்டும் வரச் சொல்கிறேன்.