இதயத்துக்குள் ஆடும் கட்டி

இதயத்திலேயே கட்டி தோன்றுவது மிக அரிது. பெரியவர்களின் இதயத் தசைச் செல்கள் பிரிந்து பெருகுவது அபூர்வம் என்பது அதற்கு ஒரு காரணம். 25 வயதில்கூட ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்களே புதிதாக உருவாகின்றன என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து பரவி வரும் புற்றுநோயைத்தான் இதயத்தில் அதிகம் பார்க்க முடியும்.

இதயத்திலேயே பிறக்கும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது மிக்சோமா. நான்கில் மூன்று மிக்சோமாக்கள் இடது மேலறையில், இரண்டு மேலறைகளையும் பிரிக்கும் சுவரில் காம்பு விட்டு வளர்கின்றன. தொட்டால் நுங்குபோல வழவழவென்று இருக்கும், எளிதில் பிய்ந்தும் போகும். புற்றுநோய் இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஆபத்து அது இருக்கும் இடத்தில் இருக்கிறது.

இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவுபோல இருக்கும் மைட்ரல் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் மேலறையில் இருக்கும் ரத்தம் கீழறைக்குப் பாய்கிறது. காம்பு நீளமாக இருந்தால் கட்டியும் அதோடு சேர்ந்து இறங்கி வால்வின் வாயை அடைக்கும். ரத்தம் நுரையீரல் பக்கம் தேங்க, மூச்சு வாங்கும். சிலருக்கு உட்கார்ந்தால் ஒருமாதிரி, படுத்தால் வேறுமாதிரி இருக்கும். கட்டி இறங்கி நிற்கும் அந்த நொடியில் ஸ்டெதஸ்கோப்பில் ‘தொப்’பென்று ஒரு சத்தம் கேட்கலாம். ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கும் ஏறக்குறைய இதே தொந்தரவுகள்தான். அந்த நோய் அதிகமுள்ள நம் நாட்டில் இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது.

இன்னும் இரண்டு வேஷங்கள் உண்டு. கட்டியிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற பொருளைக் கட்டி சுரந்தால் காய்ச்சல், எடைக் குறைவு, ஏறிப்போன ஈ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு). ரத்தக்குழாயில் அடைத்த துணுக்கை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகே மிக்சோமா என்று தெரிந்தவர்களும் உண்டு. இளம் வயதில் பக்கவாதம் வந்தால் இதயத்தையும் எக்கோ (அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

எக்கோவில் கட்டி ஆடுவதை நேரடியாகவே பார்க்கலாம். அப்புறம் வரும் கேள்வி, அது கட்டியா, உறைந்த ரத்தமா என்பது. உறைந்த ரத்தம் பெரும்பாலும் மேலறையின் பின்சுவரிலோ, அதன் ஓரத்துப் பை போன்ற பகுதியிலோ ஒட்டியிருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ரத்த ஓட்டம் உள்ள கட்டி காண்ட்ராஸ்ட் மருந்தை வாங்கிக்கொள்ளும், உறைந்த ரத்தம் வாங்காது. இடது மேலறைக் கட்டியில் ஊசி விட்டு பயாப்சி (பரிசோதனைக்கான சதைத் துணுக்கு) எடுக்கப் பொதுவாகத் துணிவதில்லை. பிய்ந்த துணுக்கு நேராக மூளைக்குப் போய்விடலாம்.

தீர்வு அறுவை சிகிச்சைதான். 1954-இல் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முறையாக மிக்சோமாவை வெற்றிகரமாக அகற்றினார். இன்று காம்பு முளைத்த இடத்துச் சுவரையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி எடுக்கிறார்கள். பெரும்பாலும் அது திரும்ப வருவதில்லை. கார்னி காம்ப்ளெக்ஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் வேறு அறையில்கூட மறுபடி முளைக்கலாம். அவர்கள் தொடர்ந்து எக்கோ எடுத்துக்கொள்ள வேண்டும், நெருங்கிய ரத்த உறவினர்களையும் பரிசோதிக்க வேண்டும்.