குருதி அறிக்கையில் இரண்டு எண்கள்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி.க்கு மருந்து எடுப்பவரின் குருதி அறிக்கையில் இரண்டு எண்கள் முக்கியமானவை. ஒன்று ஏற வேண்டும், மற்றது இறங்க வேண்டும். எண் கூடிவிட்டதே என்று கலங்குமுன் எது கூடியது என்று பார்ப்பது நல்லது.

ஏற வேண்டியது சி.டி.4. நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெண்குருதிக் கலங்களின் எண்ணிக்கை இது. கன மில்லிமீற்றருக்கு 500 முதல் 1500 வரை இருப்பது வழமை. 200க்குக் கீழே போனால், பலமான உடலில் தலைகாட்டாத கிருமிகளும் புகுந்துவிளையாடும். எயிட்ஸ் என்பது அந்தக் கட்டம். எச்.ஐ.வி. உள்ள எல்லோரையும் 'எயிட்ஸ் நோயாளி' என்று ஊரில் பேசுவது பிழை, இரக்கமற்ற பிழையும்கூட.

இறங்க வேண்டியது வைரஸ் சுமை: ஒரு மில்லிலீற்றரில் வைரஸின் பிரதிகள் எத்தனை என்ற கணக்கு. தொடக்கத்தில் இது இலட்சத்தையும் தாண்டலாம். நாள் தவறாமல் குளிசை எடுத்தால், பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும். அந்நிலை நீடிக்கும்வரை உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. ஐரோப்பாவில் நடந்த 'பார்ட்னர்' ஆய்வில், ஒருவருக்கு மட்டும் தொற்றிருந்த நூற்றுக்கணக்கான இணையர்கள் ஆணுறையின்றி உறவு கொண்டும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்கேனும் தொற்றவில்லை.

அப்படியானால் குளிசையை நிறுத்தலாமா? கூடாது. இந்த வைரஸ் தன் மரபுச் செய்தியான ஆர்.என்.ஏ.யை, நமது கலங்களில் உள்ளதைப் போன்ற டி.என்.ஏ.யாக மாற்றி, நமது கலத்தின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே செருகிவிடுகிறது. எச்.ஐ.வி. மருந்துகளான டெனோஃபோவிரும் லாமிவுடினும் மாற்றும் வேலையைத் தடுக்கின்றன. இன்னொரு மருந்தான டொலுடெகிராவிர் செருகும் வேலையைத் தடுக்கிறது. ஏற்கெனவே செருகப்பட்டதை எடுத்தெறிய இவற்றால் முடியாது. அப்படிப்பட்ட கலங்கள் சில, வயல் மண்ணில் அடுத்த போகத்துக்காகக் காத்துக் கிடக்கும் களை விதைகளைப் போல உறங்குகின்றன. மருந்து நின்றால், பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரஸ் குருதியில் மறுபடி பெருகும்.

விட்டுவிட்டு எடுப்பதில் வேறொரு ஆபத்து. வைரஸ் தன்னைப் பிரதி செய்யும்போது ஏராளமாகப் பிழை விடும். மருந்து அரைகுறையாக இருக்கும் குருதியில், அந்த மருந்துக்கு மசியாத பிழைப்பிரதியே தப்பிப் பெருகும். இதுதான் மருந்தெதிர்ப்பு. ஆனாலும் சுமை 1000ஐத் தாண்டியவுடன் வைத்தியர் பொதுவாக மருந்தை மாற்றிவிடுவதில்லை. குளிசை எத்தனை நாள் தவறியது என்று முதலில் விசாரிப்பார். சில மாதங்களில் மீண்டும் குருதி எடுத்துப் பார்ப்பார்.