கடலை வெண்ணெயில் எண்ணெய் மேலே மிதப்பது ஏன்?

கொடைக்கானல் கடைகளில், வீட்டுச் சாக்லேட்டுக்குப் பக்கத்திலேயே, உள்ளூரில் அரைத்த வேர்க்கடலை வெண்ணெய் பாட்டில்களையும் பார்க்கலாம். அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901இல் பள்ளிக்கூடம் தொடங்கப்பட்ட ஊரில், அமெரிக்கர்கள் விரும்பும் இந்த உணவு விற்பதில் வியப்பில்லை. ஆனால் பாட்டிலின் மேற்புறத்தில் தேங்கி நிற்கும் எண்ணெயைக் கண்டு, பண்டம் கெட்டுவிட்டது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அது வருத்தத்துக்குரியது, வேறெந்தக் கொழுப்பும் கலக்காத கடலை விழுதின் இயல்பே அதுதான்.

வேர்க்கடலைப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். அது நுண்ணிய துளிகளாகச் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது. வறுத்துத் தோல் நீக்கிய கடலையை மிக்ஸியில் அரைத்தால் முதலில் பொடியாகும், பிறகு ஜாரின் ஓரங்களில் அப்பிக்கொள்ளும். அங்கேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். பொறுமையாக இன்னும் ஓட்டினால், உடைந்த செல்களிலிருந்து வெளிப்படும் எண்ணெய், அரைபடும் சூட்டில் இளகி, புரதமும் மாவுச்சத்தும் கொண்ட துகள்களைச் சூழ்ந்துகொள்ள, அதுவரை கட்டியாக நின்றது நெகிழ்ந்து பளபளப்பான விழுதாகிவிடும். இதில் தண்ணீர் படக்கூடாது. சிறிதளவு ஈரம் பட்டாலும் துகள்கள் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் விழுது இறுகிப்போகும். மூடுபனிக் காலத்தில் வறுத்த கடலை விரைவில் நமத்துவிடும் என்பதால், மலையில் இருப்பவர்கள் சூடு ஆறியதுமே அரைத்துவிடுவது நல்லது.

துகள்களின் அடர்த்தி எண்ணெயின் அடர்த்தியைவிட அதிகம். ஆகவே அவை மெல்ல அடியில் படிய, எண்ணெய் மேலே வருகிறது. எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிரிவு தாமதமாகும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலின் குளிரில் மெதுவாகப் பிரியும் அதே விழுது, வத்தலக்குண்டு வெயிலில் விரைவாகப் பிரிந்துவிடுகிறது.

மாண்ட்ரியலைச் சேர்ந்த மார்செல்லஸ் எட்சன் 1884இல் கடலை விழுதுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்; 1890களில் ஜான் ஹார்வி கெல்லாக்கும் தம் முறையைப் பதிவு செய்தார். எனினும், எண்ணெய் பிரிந்து சீக்கிரம் சிக்குவாடை அடித்ததால், அதைத் தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்புவது கடினமாக இருந்தது. ஜோசப் ரோஸ்ஃபீல்டு 1920களின் தொடக்கத்தில் கண்ட வழி இந்தத் தடையை நீக்கியது என்பதால், இந்த வரலாற்றில் அவருக்கே முதலிடம் தருவேன். எண்ணெயின் ஒரு பகுதியை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கினால், விழுது குளிரும்போது அந்தக் கொழுப்பு நுண்படிகங்களாகப் பின்னிக்கொண்டு, மீதி எண்ணெயை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது. இன்றும் பெரிய நிறுவனங்கள் கெட்டிக் கொழுப்பைச் சிறிதளவு சேர்த்தே எண்ணெய் பிரியாமல் பார்த்துக்கொள்கின்றன.

அது சேராத மலைக்கடை விழுதை வாங்குபவர்கள், மிதக்கும் எண்ணெயை வடித்துவிடாமல், உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறிவிட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். வடித்துவிட்டால் அடியில் மிஞ்சும் கட்டியை ரொட்டியில் தடவ முடியாது.